தூர்ந்த துரவும் சொட்டுக்குழாயும்



அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த காணிக்கையை எதற்குச் செலவிடலாம் என்று சேகர மன்றத்தில் பேச்சு எழுந்தபோது, வாலிபர் சங்கத்தார் ஒரு யோசனையை முன்வைத்தனர். நம் சேகரத்தின் கிராமச் சபைகளில் அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்துப் பிழைக்கிற குடும்பங்களுக்குக் குறைந்த விலைச் சொட்டுநீர்க் குழாய்த் தொகுப்புகளை வாங்கி இலவசமாகக் கொடுக்கலாம் என்பதே அது. கூடியிருந்தோரில் பலர் உடனே ஆமோதித்தனர். முடிவை ஒரு மாதம் தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொண்டவன் நான். நல்ல காரியத்துக்கு ஐயா ஏன் தடை சொல்கிறார் என்று சிலர் மனவருத்தத்தோடு விசாரித்ததாக அறிகிறேன். ஆகவே இவ்வாரச் சிந்தனையை அதற்கே ஒதுக்குகிறேன். இதில் வேத வசனத்தைவிடக் குழாயும் வடிகட்டியும் மிகுதியாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொட்டுநீர்ப் பாசனத்தின் அடிப்படை எளிது. வேர் இருக்கிற இடத்தில், வேர் குடிக்கிற அளவுக்கு, மெதுவாக நீர் கொடுப்பது. நம் பெரியவர்கள் கன்றின் அருகே துளையிட்ட பானையைப் புதைத்து, துளையில் திரியைச் செருகி, நீர் நிரப்பி வைத்ததும் இதற்காகவே. இஸ்ரேல் நாட்டு நீர்ப் பொறியாளர் சிம்கா பிளாஸ், கசிகிற குழாயருகே நின்ற மரம் ஒன்று மற்ற மரங்களைவிடச் செழித்திருந்ததை 1930களில் கண்டார் என்ற செய்தியை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கண்டதைக் கருவியாக்க அவர் மலிவான பிளாஸ்டிக் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. 1965இல்தான் நெகேவ் வறண்ட நிலத்தின் ஹட்சரிம் கூட்டுப்பண்ணையில் அதற்கென்று நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கப்பட்டது.

அந்தக் கருவி பெரிய தோட்டத்தை நோக்கிச் செய்யப்பட்டது. அதில் நீர் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துத் தொட்டியிலிருந்து இறங்கினால் என்ன வேகம் இருக்குமோ அந்த அழுத்தத்தில் ஓடுகிறது. அதைத் தாங்கக் குழாயின் சுவர் தடிப்பாக இருக்க வேண்டும். மணிக்கு 2 அல்லது 4 லிட்டர் என்று அளந்து விடும்படி ஒவ்வொரு சொட்டுவானையும் நுட்பமாக வார்க்க வேண்டும். மோட்டாரும் பெரிய வடிகட்டிகளும் வேறு. அரை ஏக்கர்க்காரருக்கு இது எட்டாமல் போனதன் காரணம் இவ்வளவே.

எட்டவைக்க முயன்றவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் சொட்டுக்குழாய்த் தொழில் நடத்திய ரிச்சர்ட் சேப்பின், 1974இல் கத்தோலிக்க நிவாரண அமைப்பொன்றின் அழைப்பை ஏற்று ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்குச் சென்றார். அந்தப் பயணத்தில் தொடங்கிய சிந்தனையிலிருந்து பிற்காலத்தில் 'வாளித் தொகுப்பு' பிறந்தது. 20 லிட்டர் வாளி ஒன்றைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் கட்டி, அதனோடு 30 மீட்டர் அளவுக்கு மெல்லிய சொட்டுநாடாவை இணைப்பார்கள். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மிஷனெரிகளின் கைகளில் அது பல நாடுகளுக்குப் போயிற்று.

மற்றவர் பால் போலாக். செக்கோஸ்லோவாக்கியாவில் 1933இல் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிக் குடும்பத்தோடு கனடாவில் குடியேறி, அமெரிக்காவின் டென்வர் நகரில் மனநல மருத்துவராகப் பல்லாண்டு பணியாற்றியவர். நோயுற்றவர்களின் வறுமையைத் தீர்க்காமல் அவர்கள் மனத்தை மட்டும் தேற்றுவதில் பயனில்லை என்று கண்டு, 1981இல் ஐ.டி.இ. என்ற அமைப்பைத் தொடங்கினார். பங்களாதேஷில் காலால் மிதித்து நீரிறைக்கும் பம்பை லட்சக்கணக்கில் பரப்பியவர்கள் இவர்கள். பின்பு நேபாளத்து மலைச்சரிவுகளில் சொட்டுக்குழாயைக் கையில் எடுத்தார்கள். போலாக்கின் கணக்கு ஒரு பள்ளி மாணவனுக்கும் புரியும். 10 மீட்டர் அழுத்தத்தை ஒரு மீட்டராகக் குறை, குழாய்ச் சுவர் மெலியும், பிளாஸ்டிக் குறையும், விலை இறங்கும். நீர் சற்று ஏறுமாறாகச் சொட்டினால் சொட்டட்டும், கத்தரிச் செடி அதைப் பெரிதுபடுத்தாது.

இவர்களையெல்லாம் கேளாமலே நம் நாட்டு உழவர்கள் சிலர் இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பிள்ளைகள் பள்ளி வாசலில் வாங்கி உறிஞ்சுவார்களே, நீளப் பிளாஸ்டிக் உறையில் அடைத்த 'பெப்சி ஐஸ்', அந்த உறை சுருள் சுருளாக மொத்தக் கடையில் கிடைக்கும். மத்தியப் பிரதேசத்தின் மேற்கு நிமாட் பகுதிப் பருத்தி விவசாயிகள் அந்தச் சுருளை வாங்கி, இடைவெளி விட்டுத் துளையிட்டு, வயலில் நீட்டினார்கள். கிணற்றில் நீர் குறைந்துபோன கோடையில், மழைக்கு முன்பே பருத்தி ஊன்றி அதைப் பிழைக்கவைக்க அதுவே உதவிற்று. அங்கேயும் அதற்குப் பெயர் 'பெப்சி'தான். ஆய்வாளர்களும் அந்தப் பெயரிலேயே எழுதினார்கள். ஒரு பருவத்துக்கு வரும், மிஞ்சினால் இரண்டு. ஆனாலும் அடுத்த பருவத்துக்கு மீண்டும் வாங்கக்கூடிய விலை.

ஆக, மலிவாகச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. என் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது.

ஜிம்பாப்வே நாட்டில் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில், பஞ்சமும் நோயும் தாக்கிய குடும்பங்களுக்கு நிவாரணமாகச் சொட்டுநீர்த் தொகுப்புகள் பெருவாரியாக இலவசமாகக் கொடுக்கப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். ஆண்டு செல்லச் செல்ல, பயன்படுத்துவோர் தொகை குறைந்துகொண்டே போயிருந்தது. நீர் தொலைவில் இருந்தது, துளைகள் அடைத்துக்கொண்டன, கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை. கென்யாவில் இதைப் பயன்படுத்திப் பின் கைவிட்ட சிறு விவசாயிகளிடமே காரணம் கேட்டு, 2005இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பராமரிப்பின்மை, நம்பத்தகாத நீர்வரத்து என்பவையே அவர்கள் சொன்ன முக்கியமான காரணங்கள். விலை அதிகம் என்பது அங்கே முதல் குறையாக இருக்கவில்லை.

முதலில் நீரைக் கணக்கிடுவோம். நம் பக்கத்துக் கோடையில் பயிர் மூடிய நிலத்திலிருந்து ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகப் போகிறது என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் நிலத்துக்கு அது 200 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 20,000 லிட்டர். சொட்டுக்குழாய் வீணாவதைத் தடுக்கும். பயிர் குடிப்பதைக் குறைக்காது. மரங்களுக்கு இடையே வெற்றுநிலம் நனையாததால் செலவு பாதியாகலாம். அப்பொழுதும் அரை சென்ட் கீரைக்கும் கத்தரிக்கும் நாள்தோறும் ஐந்து வாளி நீரை யாரோ ஒருவர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். ஊர்க் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை நீர் வருகிற கிராமத்தில், இடுப்புக்குடத்தால் ஊற்ற வேண்டிய ஒரு தொகுப்பைக் கையில் கொடுத்தால், நாம் கொடுத்தது வேலை மட்டுமே.

இனி அடைப்பைப் பற்றி. நான் முன்பு ஊழியம் செய்த ஒரு சேகரம் தேரிக்காட்டை ஒட்டியது. நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடுகளை அறிந்தவர்களுக்கு அந்த மண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலில் விட்ட நீர் பத்தடி போவதற்குள் மணல் குடித்துவிடும். சொட்டுநீருக்கென்றே படைத்த நிலம் என்று சொல்லத் தோன்றும். நான் அங்கே போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தொண்டு அமைப்பினர் அந்தச் சபைகளில் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் குழாய்த் தொகுப்புகளைக் கொடுத்திருந்தனர். வீடு சந்திக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கறுப்புக் குழாய்களைக் கண்டேன். பனைமரத்தில் சுருட்டி மாட்டியிருந்தது. துணி காயப்போடும் கொடியாக இருந்தது. ஒரு வீட்டில் ஆட்டுக்கிடை அடைப்பை அதனால் இறுகக் கட்டியிருந்தார்கள். பனையேறுகிற கைகள் எதையும் வீணாக்குவதில்லை. குழாயை வீணாக்கினார்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஒரே ஒரு வீட்டில் அது வேலை செய்துகொண்டிருந்தது. கணவரை இழந்த ஒரு தாயார், அறுபதைக் கடந்தவர், கிணற்றடியில் பத்துப் பன்னிரண்டு முருங்கையும் இரண்டு பாத்திக் கீரையும் வைத்திருந்தார். மற்றவர்களுக்கு நின்றுபோனது உங்களுக்கு மட்டும் எப்படி ஓடுகிறது அம்மா என்று கேட்டேன். அவர் டிரம்மின் வாயில் கட்டியிருந்த பழைய வேட்டித் துணியைக் காட்டினார். "தெனமும் இதைக் கழுவிப் போடுவேன் ஐயா. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வர்றதுக்கு முன்னால குழாய் முனையை அவுத்து விட்டா, உள்ள கெடக்க மண்ணு வந்துரும். அடைச்ச தொளைய ஈர்க்குச்சி வச்சுக் குத்துவேன்." பிறகு, மற்றவர்களைப் பற்றிக் கேட்டபோது, சற்றுத் தயங்கிச் சொன்னார்: "குடுத்தவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாவ. அடைச்சா யாருட்ட போய்ச் சொல்ல? சும்மா குடுத்ததக் குறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

அந்தக் கடைசி வார்த்தையைப் பல நாள் யோசித்தேன். காசு கொடுத்து வாங்கியவர், அடைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் போய்ச் சண்டையிடலாம். இலவசமாகப் பெற்றவருக்கு நன்றி சொல்ல மட்டுமே வழியுண்டு. குறையைச் சொல்லக் கூசுகிறவரிடமிருந்து கருவி செய்தவனுக்கு ஒரு செய்தியும் போய்ச் சேராது. அடுத்த தொகுப்பும் அதே குறையோடு வரும். போலாக் தம் கருவிகளை ஒருபோதும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விற்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவரோடு நான் முழுவதும் உடன்படவில்லை. வாங்குகிறவரின் கை வெறுமையாக இருக்கும் ஆண்டு ஒன்று உண்டு என்பதைச் சந்தைக்காரர் கருதாமலிருக்கலாம், சபை கருதாமலிருக்க முடியாது. ஆனாலும், குறை சொல்லும் உரிமை விலையோடு சேர்ந்து வருகிறது என்பதில் அவர் சொல்வது சரி.

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்ட துரவுகளை, அவர் மரித்த பின் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு கேராரின் பள்ளத்தாக்கில் கூடாரமடித்தபோது முதலில் செய்த வேலை, அவற்றைத் திரும்பத் தோண்டியது. எபிரெய மூலத்தில் 'திரும்பினான், தோண்டினான்' என்ற அமைப்பில் அது வருகிறது. 'மறுபடியும் தோண்டினான்' என்பதே பொருள். பிரசங்கங்களில் நாம் ஏசேக்கு, சித்னா, ரெகொபோத் என்று அவன் புதிதாக வெட்டிய துரவுகளையே எடுத்துப் பேசுகிறோம். பெயருள்ளவை அவை. பழைய துரவுகளுக்கு அவன் புதுப்பெயர் இடவில்லை. தகப்பன் இட்ட பெயர்களையே இட்டான். துப்புரவு செய்தவனுக்கு அதில் தனிப்புகழ் ஒன்றும் மிஞ்சவில்லை.

'தோட்டந் துரவு' என்று நாம் சேர்த்துச் சொல்லும் வழக்கில் அந்தப் பழைய சொல் இன்னும் இருக்கிறது. 'தூர்த்தல்' என்றால் மண்ணிட்டு மூடுவது, 'தூர் வாருதல்' என்றால் அந்த மண்ணை அகற்றுவது. நம் குளங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் தூர் வாரும் வேலை உண்டு என்று நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். ஊசி முனையளவான துளைக்கும் அதே வேலை உண்டு என்பதைக் குழாயைக் கொடுக்கிறவர்கள் மறந்துபோகிறார்கள். துரவைத் தூர்க்கப் பெலிஸ்தர் வேண்டும். சொட்டுக்குழாயைத் தூர்க்க உப்புநீரே போதும். கடலோரக் கிணறுகளில் உப்பேறிய நீர் சொட்டும் வாயில் வெள்ளைப் பொருக்காகப் படிந்து சில மாதங்களில் அடைத்துவிடுகிறது. அதற்கு ஈர்க்குச்சி உதவாது, அளவறிந்து அமிலம் விட வேண்டும். அதை ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் சேகரத்தின் மண் தேரி மணல் அன்று, கரிசல். மணலில் சொட்டிய நீர் நேராகக் கீழிறங்கும். ஆகையால் துளைகள் நெருங்கியிருக்க வேண்டும், அடிக்கடி விட வேண்டும். கரிசலில் அதே சொட்டு பக்கவாட்டில் அகலமாகப் பரவும். துளைகள் தள்ளியிருக்கலாம், வேகமாக விட்டால் மேலே தேங்கும். ஒரே அளவுத் தொகுப்பை மொத்தமாக வாங்கினால் இந்த வேற்றுமைக்கு இடமிருக்காது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 5 ஏக்கருக்கு மேற்படாத சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகளை அரசு 100 சதவீத மானியத்தில் கொடுக்கிறது. மற்றவர்களுக்கு 75 சதவீதம். நம் வாலிபர்களில் பலருக்கு இது தெரியாதது எனக்கு வியப்பாக இருந்தது. பட்டா, சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று இவை ஒழுங்காக உள்ளவருக்கு நம் காணிக்கைப் பணம் தேவையில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கூடவே அலுவலகத்துக்குப் போக ஒரு வாலிபர் போதும். ஒருமுறை வாங்கிய நிலத்துக்கு மறுபடி மானியம் பெற 7 ஆண்டுகள் ஆகும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் வடிகட்டி கெட்டால், மிச்ச நான்கு ஆண்டுகளுக்கு அந்தக் குழாய் கொடிக்கயிறுதான்.

மானியம் எட்டாதவர்கள் வேறு. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுகிறவர்களிடம் காட்ட ஒரு பத்திரமும் இல்லை. மாமனார் பெயரிலேயே பட்டா கிடக்க, கொழுந்தன்மார் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிற விதவைகள் நம் சபைகளிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். காணிக்கை போக வேண்டிய இடம் அது என்பது என் துணிபு. அவர்களுக்கு 500 லிட்டர் டிரம், ஒரு மீட்டர் உயரக் கல்மேடை, நல்ல வலை வடிகட்டி ஒன்று, நிலத்துக்கேற்பத் துளையிட்ட குழாய். நாற்பது பேருக்குக் கொடுக்கும் தொகையில் ஒருவேளை பன்னிரண்டு பேருக்கே இது ஆகும். மிச்சத்தை, மூன்று ஆண்டுகளுக்கு மாதந்தோறும் பன்னிரண்டு தோட்டங்களையும் சுற்றி வந்து முனைகளைத் திறந்துவிடவும், அடைப்பை எடுக்கவும், உதிரிப் பொருள் மாற்றவும் ஒருவருக்குப் படியாகவும் பெட்ரோலாகவும் கொடுக்கலாம். அறிக்கையில் அது அழகாகத் தெரியாது. பன்னிரண்டு என்ற எண் நாற்பதைவிடச் சிறியது என்று மன்றத்தில் ஒருவர் சொல்வார். அவருக்குச் சொல்லத் தேரிக்காட்டு ஆட்டுக்கிடையைத் தவிர என்னிடம் வேறு சான்று இல்லை.

விலை? பணமாக வேண்டாம். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அந்தத் தோட்டத்துக் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ ஒரு கூடை ஏலத்துக்கு வரட்டும். நம் சபையில் ஒரு பூசணிக்காயை எத்தனை மடங்கு விலைக்கு ஏலம் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதுவே அவர்கள் செலுத்திய விலை. அதன் பிறகு குழாய் அடைத்தால், அவர்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்று உரத்த குரலில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

மன்றம் அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடுகிறது. கிணறோ ஆழ்துளைக் கிணறோ வைத்திருப்பவர்கள், மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்ட பிறகு, அதே நீரில் நன்றாக அலசிய ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பி, பெயரும் ஊரும் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் சேர்த்து மண், நீர் பரிசோதனைக்கு எடுத்துச்செல்ல வாலிபர் சங்கத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். உப்பின் அளவு தெரிந்த பின்பு குழாயைப் பற்றிப் பேசுவோம்.